தள்ளிப்போன ஆபரேஷன்

கொரோனா காலத்தில் கல்யாணம் தள்ளிப்போன கதையையும் கோயில் நடை சாத்திய கதையையும் எல்லோரும் பேசியாயிற்று. ஆபரேஷனுக்குத் தேதி வாங்கிவிட்டுக் காத்திருந்தவர்களைப் பற்றி அதிகம் பேசவில்லை.

தாம்பரத்தில் இருக்கும் என் தங்கை மகளுக்கு அப்போது வயது 38. உயரம் 160 செ.மீ., எடை 115 கிலோ. சர்க்கரை, முட்டி வலி, போதாக்குறைக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் தொல்லை. முகத்தில் மாஸ்க் மாட்டி, மெஷினோடுதான் தூங்குவாள். பட்டினி, வாக்கிங், கொள்ளு ரசம் எல்லாம் பார்த்தாகிவிட்டது. இரைப்பையில் ஏறக்குறைய முக்கால் பங்கை எடுத்துவிடும் ஆபரேஷனுக்கு 2020 ஏப்ரல் முதல் வாரத்தில் நாள் குறித்தார்கள். கல்லீரல் சுருங்கினால்தான் டாக்டருக்கு வேலை சுலபமாம். அதற்காக முன்கூட்டியே புரோட்டீன் பானமும் சூப்பும் ஆரம்பித்துவிட்டாள்.

மார்ச் 25-ல் நாடு முழுக்க ஊரடங்கு. ஆஸ்பத்திரியிலிருந்து போன்: "அவசரமில்லாத ஆபரேஷன் எல்லாம் நிறுத்தியாச்சு." அவர்களைக் குறை சொல்ல முடியாது. படுக்கையும் ஆட்களும் கொரோனாவுக்கே வேண்டியிருந்தது. ஆபரேஷன் சமயத்தில் தொற்று வந்தால் நோயாளிக்கும் ஆபத்து.

ஆனால் அவள் என்னிடம் கேட்டாள்: "மாமா, குண்டா இருக்கிறவங்களுக்குக் கொரோனா வந்தா ஆபத்து அதிகம்னு பேப்பர்ல போட்டிருக்கான். அந்தக் குண்டைக் குறைக்கிற ஆபரேஷனை அவசரமில்லைங்கறாங்க. நான் என்ன பண்ண?"

எனக்குப் பதில் தெரியவில்லை.

பார்க் பூட்டு. ஆபீஸ் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. பயத்தில் தூக்கமில்லை, பயத்தில் பசி மட்டும் கூடியது. ஆறு மாதத்தில் 7 கிலோ ஏறிற்று, சர்க்கரை மாத்திரையும் கூடியது. சொந்தக்காரர் ஒருவர், "கடவுளே தடுத்துட்டார், வாயைக் கட்டினா போதாதா?" என்றார். வாயைக் கட்டித் தோற்றவர்கள்தான் கத்தியைத் தேடிப் போகிறார்கள் என்று அவருக்கு யார் சொல்வது?

தினமும் மாலை அவள் தன் வீட்டு மொட்டை மாடியில் நடப்பாள், நான் மயிலாப்பூரில் என் மாடியில். காதில் போன். அரை மணி நேரம் ஊர்க்கதை. எடை குறையவில்லை, மேலே ஏறுவது நின்றது.

2021 பிப்ரவரியில், கொரோனா டெஸ்ட் எடுத்த பிறகு, ஆபரேஷன் நடந்தது. இரண்டாம் அலை வருவதற்குள் முடிந்ததே என்று தங்கை இன்றும் கையெடுத்துக் கும்பிடுகிறாள்.

அவசரமில்லை என்றால் இன்றைக்கே உயிர் போகாது என்றுதான் அர்த்தம். காத்திருந்தால் ஒன்றும் ஆகாது என்று அர்த்தமில்லை. உங்கள் வீட்டில் யாராவது இப்படிக் காத்திருந்தால் புத்திமதி வேண்டாம், கூட நடங்கள்.