கடினம் மட்டும் போதாது

கொஞ்சம் நீளமான பதிவு. பட்டறை வேலை தெரியாத நம் வீட்டுப் பிள்ளைகளும் படிக்கலாம்.

போன மாதம் கோவையிலிருந்து ஒரு பழைய மாணவர் வீட்டுக்கு வந்தார். சொந்தமாக இரண்டு லேத் போட்டிருக்கிறார். சாக்கில் சுற்றிக் கொண்டுவந்த ஸ்பிண்டில் ஒன்றைத் திண்ணையில் வைத்தார். 700 மி.மீ. நீளம், 40 மி.மீ. விட்டம். நடுவில் மயிரிழை போல ஒரு விரிசல்.

"சார், நீங்க கிளாஸ்ல சொன்ன மாதிரிதானுங்க செஞ்சேன்" என்றார். குறையாகச் சொல்லவில்லை. ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது.

நான் சொல்லித் தந்தது இதுதான்: மேல்பரப்பு தேயக்கூடாது, உள்ளே முறியக்கூடாது என்றால் கார்பன் குறைந்த எஃகை எடு, கேஸ் ஹார்டனிங் செய். அவரும் இஎன் 353 வாங்கிக் கடைந்து கொடுத்திருக்கிறார். உலையில் 920 டிகிரியில் கார்பன் ஏற்றி எண்ணெயில் முக்கியிருக்கிறார்கள். வெளியே எடுத்துப் பார்த்தால் நடுவில் 0.8 மி.மீ. வளைவு. கடினமான தோலே 1 மி.மீ. ஆழம்தான். கிரைண்டிங்கில் நேராக்கினால் ஒரு பக்கம் தோல் கிட்டத்தட்ட போய்விடும். பிரஸ்ஸில் வைத்து அழுத்தினார். விரிசல் விட்டுவிட்டது. முதல் பெரிய ஆர்டர். கடன் வாங்கி எடுத்தது.

நன்றாகக் காய்ந்த மெல்லிய இரும்புச் சட்டியில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் கோணிக்கொள்ளும் அல்லவா? அதேதான். 900 டிகிரிக்கு மேல் எஃகின் உள்ளமைப்பே மாறிவிடும். சட்டென்று குளிரும்போது மறுபடி மாறும், கொஞ்சம் விரியும். எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் மாறாது. குட்டையான பல்சக்கரம் அதைத் தாங்கும். நீளமான, ஒல்லியான தண்டு வளைந்துவிடும்.

இதற்கு நைட்ரைடிங் பொருத்தம். 520 டிகிரி அளவில் அம்மோனியா வாயுவில் இரண்டு நாள் போல வைப்பார்கள். அந்த வெப்பத்தில் உள்ளமைப்பு மாறாது, எண்ணெயில் முக்கவும் வேண்டாம். அதனால் கோணல் மிகக் குறைவு. ஆனால் எஃகில் குரோமியம் மாதிரி நைட்ரஜனைப் பிடித்துவைக்கும் உலோகம் இருக்க வேண்டும். விலை குறைவு என்று இஎன் 8 போட்டால் போதுமான கடினம் வராது. இஎன் 19 போடலாம். துப்பாக்கிக் குழலுக்கும் இதே குரோம்-மாலிப்டினம் வகை எஃகை எடுத்து நைட்ரைடிங் செய்வது உண்டு. அதுவும் நீளம், அதுவும் வளையக்கூடாது.

இதிலும் இரண்டு எச்சரிக்கை. முதலில், டெம்பரிங்கை நைட்ரைடிங் வெப்பத்தைவிட அதிகத்தில், 600 டிகிரி அளவில் முடித்திருக்க வேண்டும். இல்லையென்றால் உள்பகுதி மெத்தென்று ஆகிவிடும். முரட்டுக் கடைசலுக்குப் பிறகு 560 அளவில் ஒருமுறை சூடாக்கி மெதுவாக ஆறவிட்டு, உள் இறுக்கத்தைப் போக்கிவிட வேண்டும். அடுத்தது, இந்தத் தோல் 0.3 மி.மீ. போலத்தான் இருக்கும். ஒரே புள்ளியில் பெரிய சுமை விழும் இடத்தில் நொறுங்கும். அங்கே பழைய முறையே நல்லது.

இவ்வளவையும் காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன். சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார். நேற்று போன் வந்தது. "சார், டயல் கேஜ்ல 0.02தானுங்க காட்டுது." கட்சிக்காரரும் பொறுத்துக்கொண்டாராம். போன பணம் போனதுதான். அதை அவர்தான் சுமக்க வேண்டும்.

நான் சொன்னது தப்பில்லை, பாதிதான் சொல்லியிருக்கிறேன். எது கடினமாகும் என்று சொன்னவன், அதற்கு எவ்வளவு கோணும் என்று சொல்லவில்லை. தேர்வில் அந்தக் கேள்வி வராது என்பதால் நானும் விட்டுவிட்டேன்.

என் பழைய நோட்டை இன்னும் வைத்திருப்பவர்கள் அந்தப் பக்கத்தின் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: எஃகு வாங்கும் முன் மூன்று கேள்வி. என்ன சுமை? எவ்வளவு நீளம்? வளைந்தால் சரிசெய்ய இடம் இருக்கிறதா? சந்தேகம் வந்தால் கடைசலுக்கு முன்னால் ஒரு போன் போடுங்கள். எந்த நேரமானாலும் எடுப்பேன்.

வாழ்க வளமுடன்.