பறை கட்ட ஓர் ஆள்

திண்டுக்கல்லுக்குத் தெற்கே உள்ள அந்த ஊரில், பொழுது சாய்ந்தால் ரேஷன் கடையை ஒட்டிய திடலில் பிள்ளைகள் வைக்கோலோடு வந்துவிடுகிறார்கள். பறையைக் காய்ச்ச வேண்டும். ஒரு பிடி வைக்கோலைக் கொளுத்தி, தோல் பக்கத்தை அனலில் காட்டிச் சுற்றிக்கொண்டே இருக்கிறார்கள். ஓரிடத்தில் நிறுத்தினால் தோல் பொசுங்கிவிடும். விரலால் தட்டும்போது மந்தமாக விழுந்த சத்தம் 'டண்' என்று எழும்பியதும் அடுத்தவர் முறை. ஏழாம் வகுப்புப் பையன் முதல் பாலிடெக்னிக் படிக்கும் பெண் வரை வரிசையில் நிற்கிறார்கள். வலக்கையில் கட்டையான அடிக்குச்சி, இடக்கையில் மெல்லிய மூங்கில் சிண்டுக்குச்சி.

இவர்களின் பறையாட்டத்தைப் பார்க்கத்தான் நான் போனேன். ஆனால் அதிக நேரம் உட்கார்ந்திருந்தது, திடலுக்குப் பின்னால் ஓட்டு வீட்டுத் திண்ணையில் பறை கட்டும் பெரியவரிடம். வில்லாக வளைத்து அறுத்த மூன்று வேப்பங்கட்டைகளை மூன்று இரும்புப் பட்டைகளால் அவர் சேர்த்தால், ஏறக்குறைய 35 செ.மீ. அகலத்தில் ஒரு வளையம் ஆகிறது. மாட்டுத்தோலைச் சுண்ணாம்பில் ஊறவைத்து, மயிரையும் கொழுப்பையும் சுரண்டி எடுப்பதுதான் சள்ளை பிடித்த வேலை. நாற்றம் இரண்டு வீடு தள்ளி வரை போகும். புளியங்கொட்டையை வறுத்து, மேல்தோல் நீக்கி, அரைத்துக் காய்ச்சிய பசையைக் கட்டையின் விளிம்பில் தடவுகிறார். ஈரத்தோலை அதன்மேல் போர்த்தி, ஓரத்தில் துளையிட்டு, பின்பக்கம் குறுக்கும் நெடுக்குமாகக் கயிற்றால் இழுத்துக் கட்டுகிறார். பிறகு நிழலில் காயவிட வேண்டும். "வெயில்ல போட்டா ஒரு பக்கமா இழுத்துக்கும் தம்பி, கட்டையே கோணிப்போகும்" என்கிறார், கயிற்றிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பறைக்கு இன்று மேடைப் பஞ்சம் இல்லை. 1990இல் அருட்சகோதரி சந்திரா திண்டுக்கல்லில் தலித் இளம்பெண்களை வைத்து சக்தி கலைக்குழுவைத் தொடங்கியபோது, பெண்கள் பறை எடுப்பதே பேச்சுக்குரியதாக இருந்தது. 2007இல் தொடங்கிய சென்னை சங்கமம் நாட்டுப்புறக் கலைஞர்களை நகரத்துப் பூங்காக்களுக்கு அழைத்து வந்தது. 2025இல் மதுரைப் பக்கத்து வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. இப்போது கல்லூரி விழா, புத்தகக் காட்சி, கட்சி மாநாடு எல்லாவற்றிலும் பறை உண்டு. இரண்டு நாள் பயிலரங்கம் முடித்த கையோடு கருப்புச் சட்டை தைத்து, பெயர்ப்பலகை எழுதிக் குழு தொடங்கிவிடுகிறார்கள். அவற்றில் பல சத்தமில்லாமல் கலைவதும் நடக்கிறது. ஆர்வம் வற்றிவிட்டது என்று சொல்வது எளிது. ஆனால் தோல் கிழிந்து, மாற்றிக் கட்ட ஆளில்லாமல் பாதிப் பறை பரணில் கிடந்தால் பத்துப் பேர் எதை அடிப்பது?

திடலில் ஆடும் இந்தக் குழு அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. நிகழ்ச்சிக்குக் கிடைக்கும் பணத்தில் எட்டுப் பேர் ஆடினால் ஒன்பது பங்கு. ஒன்பதாவது பங்கு பறைக்கு. தோல், கட்டை, பெரியவர் கூலி எல்லாம் அதிலிருந்து போகும். வேலைக்குப் போகிறவர்களும் கல்யாணமாகிப் போகிறவர்களும் பறையைத் திடலிலேயே விட்டுவிட வேண்டும். பறை யாருக்கும் சொந்தமில்லை என்பதால்தான் ஏழாம் வகுப்புப் பையனுக்கும் கையில் ஒன்று இருக்கிறது. அரசுப் பள்ளிக் கலைத் திருவிழாவுக்கு ஒத்திகை பார்க்க வருகிறவர்களுக்கும் அதே பறைதான்.

சாவு வீட்டுக்கு இந்தக் குழு போவதில்லை. அதில் தாய்மார்கள் உறுதியாக இருக்கிறார்கள். "எங்க அப்பா கூப்பிட்ட வாசலுக்கெல்லாம் போயி நின்னாரு, எம்புள்ள நிக்க வேண்டாம்" என்றார் ஒருவர். நூறு நாள் வேலை முடிந்து மகளை அழைத்துப் போக வந்தவர் அவர். பெரியவருக்கு இதில் ஒரு மனக்குறை. சாவுக்கு அடிக்கும் அடிகளில்தான் நுணுக்கம் அதிகம், அவை தன்னோடு போய்விடும் என்கிறார். தாய் சொல்வதுதான் முதல் நியாயம் என்று எனக்குப் படுகிறது. ஆனால் அந்த அடிகளைத் திடலில் வைத்துக் கற்றுக்கொள்வதற்கு எந்த வாசலிலும் போய் நிற்க வேண்டியதில்லையே. குழுவிலும் அதைக் கேட்டவர்கள் இருக்கிறார்கள், இன்னும் தொடங்கவில்லை.

மழைக்காலம் வந்தால் இன்னொரு வழக்கு. தோல் தொய்ந்து போகும், வைக்கோலும் நனைந்திருக்கும். ஆகவே நட்டு முடுக்கிச் சுதி ஏற்றும் பைபர் பறை நான்கு வாங்கி வைத்திருக்கிறார்கள். தூறலிலும் முழங்கும், தீ வேண்டாம். காதுக்கு அது ஒட்டவில்லை என்பது என் கட்சி. பெரியவர் அதைக் கையால் தொடுவதுகூட இல்லை. "மழையில புரோகிராம கேன்சல் பண்ணச் சொல்றீங்களா?" என்று ஆட்டத்தை நடத்தும் பெண் கேட்டபோது, எங்கள் இருவரிடமும் பதில் இல்லை.

அந்தப் பெண்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் திண்ணைக்கு வருகிறாள். கட்டக் கற்றுக்கொடுக்கிறேன் என்று பெரியவர் எல்லாரையும்தான் கூப்பிட்டார். தோல் சுரண்டும் வேலையைப் பார்த்ததும் மற்றவர்கள் நழுவிவிட்டார்கள். "மூக்கப் பொத்துனா கை எப்படி வேலை செய்யும் ஆத்தா?" என்று அவர் சொன்னதும் துப்பட்டாவை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாளாம். அவள் கட்டிய முதல் பறை பயிற்சியில் இருக்கிறது. இரண்டாவது, கயிறு இழுக்கும்போது துளையோரம் கிழிந்துவிட்டது. அந்தத் தோலுக்கான காசை ஒன்பதாவது பங்கில் கழிப்பதா, அவளே தருவதா என்று நான் கிளம்பும்வரை திடலில் பேச்சு முடியவில்லை.