ஷட்டவுன் நாள்

காலை 5.40. கடைசிக் காயில் ஓடிக்கொண்டிருக்கிறது. இடது ரீலிலிருந்து வலதுக்கு, வலதிலிருந்து இடதுக்கு. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் தகடு கொஞ்சம் மெலிகிறது.

நடுவில், இரும்புக் கூட்டுக்குள், 20 உருளைகள். மேலே பத்து, கீழே பத்து. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று அடுக்கு. தகட்டைத் தொடுபவை இரண்டு மட்டும். அவற்றின் விட்டம் சுமார் 6 சென்டிமீட்டர். அந்த இரண்டும் வளைந்துவிடாமல் பார்த்துக்கொள்பவை மற்ற பதினெட்டு.

போலந்துப் பொறியாளர் தடேயுஷ் செண்ட்சிமிர் வகுத்த அமைப்பு. சேலம் உருக்காலையில் அந்தப் பெயரை முழுசாகச் சொல்ல யாருக்கும் நேரமில்லை. இசட் மில்.

இன்ஸ்பெக்‌ஷன் மேசையில் ஒருவர் தகட்டின்மேல் டேப்பை நீட்டுகிறார். ஒரு மெல்லிய தழும்பு. அதேபோல் இன்னொன்று. இடைவெளி 19 சென்டிமீட்டர். "ஒர்க் ரோல்" என்கிறார். உருளை இருக்கும் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

கீழே பம்ப் அறை. எண்ணெய் வாடை. உருளைகளின்மேல் கொட்டும் எண்ணெய் இங்கிருந்துதான் ஏறுகிறது. இளம் இன்ஜினீயர் கையில் அதிர்வு மீட்டர். கூட வரும் ஃபிட்டருக்கு மீசை முழுக்க நரை. அவர் கையில் நீண்ட ஸ்க்ரூ டிரைவர்.

முதல் பம்ப். மீட்டர் 2.1 காட்டுகிறது. எல்லை 4.5. ஃபிட்டர் இடது காதின் அடைப்பை எடுக்கிறார். ஸ்க்ரூ டிரைவர் முனையை பேரிங் ஹவுசிங்கில் ஊன்றுகிறார். பிடியைக் காதில் வைக்கிறார். கண்ணை மூடுகிறார். தலையாட்டுகிறார். இன்ஜினீயர் எழுதுகிறார்.

இரண்டாவது பம்ப். 1.9. கண் மூடல். தலையாட்டல். எழுத்து.

மூன்றாவது பம்ப். 2.8. கண் மூடல். தலை ஆடவில்லை. ஸ்க்ரூ டிரைவரை ஒரு விரற்கடை நகர்த்தி மறுபடி ஊன்றுகிறார்.

"2.8 தானே அண்ணே?"

"ஆமாங்க சார்."

ஸ்க்ரூ டிரைவரை அவர் எடுக்கவில்லை. இன்ஜினீயர் மீட்டரைப் பார்க்கிறார். ஒரு பொத்தானை அழுத்தி வேறு அளவைக்கு மாற்றுகிறார். மறுபடி வைக்கிறார். எண் எகிறுகிறது. நோட்டில் 2.8-ஐ அடிக்கவில்லை. பக்கத்தில் இன்னொரு எண்ணை எழுதுகிறார்.

நான்காவது பம்ப். 2.0. தலையாட்டல்.

6 மணி. மில் நிற்கிறது. இதுவரை கத்திப் பேசியவர்கள் இப்போதும் கத்திப் பேசுகிறார்கள். கொஞ்ச நேரம் கழித்து ஒருவரை ஒருவர் பார்த்துக் குரலைத் தணிக்கிறார்கள்.

பெர்மிட் மேசை. மெக்கானிக்கல் ஒரு கையெழுத்து, எலக்ட்ரிக்கல் ஒன்று, ஆபரேஷன் ஒன்று. ஸ்விட்ச் போர்டில் பூட்டுகள் ஏறுகின்றன. உள்ளே இறங்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு பூட்டு. சாவி அவரவர் பையில்.

மில்லைச் சுற்றிக் கரியமில வாயு சிலிண்டர்கள். எண்ணெய் பற்றிக்கொண்டால் வாயு பாய்ந்து நெருப்பின் மூச்சை அடைக்கும். உள்ளே மனிதர் இருந்தால் அவர் மூச்சையும். அதற்கும் ஒரு பூட்டு. மேலே சிவப்பு அட்டை. முதலில் இறங்குபவர் அட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு இறங்குகிறார். இரண்டாமவரும் தொடுகிறார். மூன்றாமவர் தொட மறந்து நாலு படி இறங்கிவிடுகிறார். ஏறி வந்து தொடுகிறார்.

ஒரு பேனல் கதவு. திருகைத் திறக்க ஹெல்பர் சட்டைப் பையிலிருந்து ஒரு ரூபாயை எடுக்கிறார். கால் திருப்பு. கதவு திறக்கிறது. நாணய வில்லைகளும் வெட்டிய ஆலை இது. ரூபாய் பைக்குள் போகிறது.

மூன்றாவது பம்ப் பிரிந்து கிடக்கிறது. கப்ளிங் தனி, மோட்டார் தனி. புல்லர் மாட்டிப் பழைய பேரிங்கை இழுக்கிறார்கள். காட்டன் வேஸ்டால் துடைத்து, டார்ச் அடித்து, இன்ஜினீயர் வளையத்தைச் சுற்றுகிறார். ஒரு சுற்று. இரண்டாவது சுற்றில் விரல் நிற்கிறது. குண்டுகள் ஓடும் தடத்தில் கடுகளவு பெயர்ந்திருக்கிறது. செல்போனில் மூன்று படம் எடுக்கிறார். ஃபிட்டர் எட்டிப் பார்க்கவில்லை. புதுப் பேரிங்கின் உறையைப் பிரித்துக்கொண்டிருக்கிறார்.

இண்டக்‌ஷன் ஹீட்டரில் புதுப் பேரிங். 110 டிகிரி வர வேண்டும். இப்போது 52.

திறந்த பெரிய கதவு வழியே கஞ்சமலை. மலைக்குள் இரும்பு. அதைக் காட்டி, ஆலை கேட்டு 1967-இல் எழுச்சி நாள் நடந்தது. 1970-இல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். 1980-களின் தொடக்கத்தில் ஆலை ஓடத் தொடங்கியது. உருட்டுவது துருப்பிடிக்காத எஃகு. மலையின் இரும்பு மலையிலேயே இருக்கிறது.

78. டீ வருகிறது. 96. டீக்குவளையை யாரும் கீழே வைக்கவில்லை, யாரும் குடிக்கவும் இல்லை.

110. கையுறைகள். பேரிங் ஷாஃப்டில் ஏறுகிறது. ஒரே தள்ளு. பாதியில் நின்றால் அங்கேயே கவ்விக்கொள்ளும். டக்கென்று முட்டும் சத்தம். ஃபிட்டர் கையை எடுக்கவில்லை. ஆறி இறுகும்வரை அழுத்தியபடியே நிற்கிறார். அவர் நெற்றியை ஹெல்பர் துடைத்துவிடுகிறார்.

11.30. பெர்மிட்டை நீட்டிக்க வேண்டும். ஆபரேஷன் இன்சார்ஜ் மேசைக்கு மேலே ஃபேன். தாள்கள் எழும்புகின்றன. ஃபிட்டர் கையில் இருந்ததைத் தாள்களின்மேல் வைத்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறார். இன்சார்ஜ் போனில் பேசியபடியே கையெழுத்துப் போடுகிறார்.

மோட்டாரும் பம்பும் நேர்கோட்டுக்கு வர வேண்டும். டயல் கேஜ் முள் ஆடுகிறது. ஒரு ஷிம் உள்ளே போகிறது. முள் குறைகிறது. இன்னொரு ஷிம். அதிகமாகிவிட்டது. ஷிம் வெளியே வருகிறது. இதிலேயே ஒரு மணி நேரம்.

1.40. டூல் போர்டு. ஒவ்வொரு கருவிக்கும் மஞ்சள் பெயின்டில் அதன் உருவம். சுத்தியல் சுத்தியலின் மேல். புல்லர் புல்லரின் மேல். ஒரே ஓர் உருவம் காலி. 24-27 ஸ்பேனர்.

மறுபடி எண்ணுகிறார்கள். மறுபடி காலி.

உருளைக் கூட்டுக்குள் டார்ச் அடிக்கிறார்கள். பம்பின் அடித்தட்டுக்குக் கீழே கைவிடுகிறார்கள். காட்டன் வேஸ்ட் தொட்டியைக் கவிழ்க்கிறார்கள். ஹெல்பர் தன் பைகளை வெளியே இழுத்துக் காட்டுகிறார். அவரை யாரும் கேட்கவில்லை.

2 மணி. இன்சார்ஜின் போன். "என்னப்பா, எடுக்கலாமா?"

"ஒரு ஸ்பேனர் சார்."

2.05. போன். 2.10. போன். கூட்டுக்குள் ஸ்பேனர் இருக்கும்போது மில்லை எடுத்தால் என்ன ஆகும் என்று ஒருவரும் பேசவில்லை. பூட்டுகளும் இறங்கவில்லை.

2.15. ஃபிட்டர் நேரில் சொல்ல மேசைக்கு வருகிறார். ஃபேன் சுற்றுகிறது. தாள்கள் எழும்பாமல் படுத்திருக்கின்றன. மேலே 24-27.

ஃபிட்டர் இன்சார்ஜைப் பார்க்கிறார். இன்சார்ஜ் ஃபேனைப் பார்க்கிறார்.

போர்டில் கடைசி மஞ்சள் உருவம் மறைகிறது. பூட்டுகள் ஒவ்வொன்றாக இறங்குகின்றன. சிவப்பு அட்டை இறங்குகிறது. 2.26-க்கு மில் எடுக்கிறது. மூன்றாவது பம்பில் மீட்டர் 1.4. ஸ்க்ரூ டிரைவர் ஊன்றுகிறது. கண் மூடல். தலையாட்டல்.

மேலே மேசையில் ரெஜிஸ்டர் விரிகிறது. தாமதம்: 26 நிமிடம். அடுத்து நான்கு கட்டங்கள். மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல், ஆபரேஷன், இதர.

"மெக்கானிக்கல்தானே?" என்கிறார் இன்சார்ஜ்.

"ஸ்பேனர் உங்க மேசையில இருந்துச்சுங்க சார்" என்கிறார் இன்ஜினீயர்.

"வெச்சது யாரு?"

"பறந்தது உங்க பேப்பருங்க சார்."

எலக்ட்ரிக்கல்காரர் தன் கட்டத்தின்மேல் உள்ளங்கையைப் பரப்பிக்கொண்டு நிற்கிறார்.

இன்சார்ஜ் பேனாவை மூன்றாவது கட்டம்வரை கொண்டுபோகிறார். நிறுத்துகிறார். 'இதர'வில் 26 என்று எழுதுகிறார். அந்தக் கட்டத்தில் போன மாதத்து 14-ம், அதற்கு முந்தைய மாதத்து 31-ம் ஏற்கெனவே இருக்கின்றன.