அப்பாவின் புல்லட்டும் அரைச்சுத்து கணக்கும்

அப்பாவோட புல்லட் 1979 மாடல். திருவொற்றியூர்ல பொறந்தது. ரெண்டு வருஷம் முன்னாடி கிக்கர் திருப்பி அடிச்சதுல அப்பாவுக்கு முட்டி வீங்கி ஒரு மாசம் படுக்கை. அன்னியிலேர்ந்து வண்டி போர்வைக்குள்ள தூங்கிட்டிருந்துச்சு.

காரணம் சின்னதுதான். வேகத்துக்கு ஏத்தாப்ல தீப்பொறியை முன்னே பின்னே தள்ள ரெண்டு எடை, ரெண்டு ஸ்பிரிங் உண்டு. ஸ்பிரிங் தளர்ந்துட்டா, பிஸ்டன் உச்சிக்கு வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே பொறி விழும். கிக்கர் எகிறும்.

நாமதான் பொட்டி தட்டுறவங்களாச்சே! பாயிண்டைக் கழட்டிட்டு, புரோகிராம் பண்ற எலக்ட்ரானிக் இக்னிஷன் மாட்டினேன். 6 வோல்ட் வயரிங்கை 12 ஆக்கவே ரெண்டு வாரம். அப்புறம் லேப்டாப்ல டேபிள்: உதைக்கும்போது 5 டிகிரி, வேகம் ஏற ஏற 30 வரைக்கும்.

உதைச்சேன். என் காலையும் திருப்பி அடிச்சுது :(

டேபிளை நாலு தடவை பார்த்தேன். தப்பே இல்லை. திண்ணையிலேர்ந்து அப்பா கேட்டார்.

"சென்சார் தட்டை எவ்ளோடா திருப்பின?"

"10 டிகிரிப்பா. புத்தகத்துல போட்டபடி."

"அது எஞ்சின் கணக்குடா. எஞ்சின் ரெண்டு சுத்து சுத்தினா இந்த ஷாஃப்ட் ஒரு சுத்து. நீ 10 திருப்பினா அங்கே 20."

இஞ்சினியரிங் படிச்சது நான் :-)

5 ஆக்கினேன். அப்பாவே எழுந்து வந்தார். "வேணாம்பா"ன்னேன். கேக்கலை. டிகம்ப்ரஸரைப் பிடிச்சார், ஒரே உதை. டுப்... டுப்... டுப்...

"பழைய பாயிண்டைத் தூக்கிப் போட்டுடாதே"ன்னார். துடைச்சு டூல் பாக்ஸுல வச்சிருக்கேன்.