ஒரு ரப்பர் வளையமும் நானும்



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தா என்று நம் சங்கச் செயலாளர் மூன்று முறை கேட்டுவிட்டார். எனக்குக் கவிதை வராது. காதல் அனுபவமும் கைவசம் இல்லை. "அப்ப உன் டிபார்ட்மெண்ட் சம்பந்தமா எழுதேன்டா" என்றார். மெக்கானிக்கல்காரன் எழுதினால் கியர், பேரிங் என்று போகும், யார் படிப்பார்கள் என்று தயங்கினேன். அப்போதுதான் போன தை மாதம் நடந்த சங்கதி நினைவுக்கு வந்தது. கொஞ்சம் வெட்கக்கேடான விஷயம். பரவாயில்லை, நமக்குள்தானே.

எங்கள் வீடு ஆரணியில். அப்பா பட்டு நெசவாளர். வீட்டுக்குள்ளேயே குழித்தறி. பாவு, ஊடை, ஜரிகை எல்லாம் முதலாளி தருவார். புடவை நெய்து கொடுத்தால் கூலி. கூலியோடு முன்பணம் என்று ஒன்றும் உண்டு. அக்கா கல்யாணத்துக்கு வாங்கியது இன்னும் முதலாளியின் நோட்டில் நிற்கிறது. நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் இங்கே பலர் இருக்கிறீர்கள். அந்த நோட்டைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

முதலாளியிடம் ஒரு அம்பாசிடர் இருக்கிறது. 1984 மாடல், மார்க் 4, பெட்ரோல் வண்டி. 2014-ல் உத்தர்பாராவில் அம்பாசிடர் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். அவர் மட்டும் விடவில்லை. "இந்த வண்டி டிக்கியில எத்தனை கல்யாணம் போயிருக்கு தெரியுமா?" என்பார். புடவைக் கட்டுகளைத்தான் சொல்கிறார்.

அந்த என்ஜின் பிரிட்டிஷ் சரக்கு. பி சீரிஸ் என்று பெயர், 1489 சிசி. இதே குடும்பத்து என்ஜினைத்தான் எம்ஜிபி என்கிற ஸ்போர்ட்ஸ் காரிலும் கொஞ்சம் பெரிதாக்கிப் போட்டார்கள். அதை இங்கிலாந்தில் இன்றைக்கும் ஆசையாக ஓட்டுகிறார்கள். அவர்கள் வண்டியும் எண்ணெய் சொட்டும், நம் வண்டியும் எண்ணெய் சொட்டும். அதில் பேதமில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முதலாளி கூப்பிட்டனுப்பினார். "டிப்ளமா படிக்கிறியே, ஆயில் மாத்தத் தெரியுமா?" தெரியாது என்று சொல்ல எந்த மாணவனுக்கு வாய் வரும்? செமஸ்டரில் லூப்ரிகேஷன் சிஸ்டம் படம் போட்டு பாகம் குறித்து முழு மார்க் வாங்கியவன் நான். சம்ப்பிலிருந்து வடிகட்டி வழியாக பம்ப், பம்ப்பிலிருந்து ஃபில்டர், ஃபில்டரிலிருந்து மெயின் கேலரி, அங்கிருந்து பேரிங்குகள். கண்ணை மூடிக்கொண்டு வரைவேன்.

பழைய ஆயிலை இறக்கினேன். இந்த வண்டியில் ஃபில்டர் இப்போதைய கார்கள் மாதிரி மொத்தமாகத் திருகிக் கழற்றுகிற டப்பா இல்லை. ஒரு இரும்புக் கிண்ணம், அதற்குள் காகித எலிமெண்ட், நடுவில் ஒரு நீள போல்ட். கிண்ணத்தின் வாய், மேலே தலைப் பகுதியில் இருக்கும் ஒரு பள்ளத்தில் போய் உட்காரும். அந்தப் பள்ளத்தில் ஒரு ரப்பர் வளையம். எலிமெண்ட் வாங்கும்போதே புது வளையமும் கூடவே வந்தது. போட்டேன், முறுக்கினேன், புது ஆயில் நாலு லிட்டர் சொச்சம் ஊற்றினேன். என்ஜின் ஓடியது, ஒரு சொட்டு இல்லை. முதலாளி வீட்டம்மா காபி கொடுத்தார்கள். ஒரு இன்ஜினியர் மாதிரி வீட்டுக்கு நடந்து வந்தேன்.

புதன்கிழமை விடிகாலை. காஞ்சிபுரத்தில் ஒரு கடைக்குப் பதினோரு புடவை போக வேண்டும். அதில் இரண்டு எங்கள் அப்பா தறியில் இறங்கியவை. வண்டி செய்யாறு ரோட்டில் ஊரைத் தாண்டி இரண்டு மூன்று கிலோமீட்டர் போயிருக்கும். பின்னால் வந்த லாரிக்காரர் ஆரன் அடித்துப் பக்கத்தில் வந்து, "யோவ், ஆயில் ஊத்துதுய்யா!" என்று கத்தினாராம். டிரைவர் மாமா உடனே என்ஜினை நிறுத்தினார். அந்த ஒரு காரியம்தான் என்ஜினைக் காப்பாற்றியது. ரோட்டில் திரும்பிப் பார்த்தால் கறுப்பாகக் கோடு போட்ட மாதிரி எண்ணெய். புடவையை பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டு, வண்டியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்து வீட்டு வாசலில் விட்டார்கள்.

நான் காலேஜ் விட்டு வரும்போது அங்கே சின்னக் கூட்டம். ஒரு மெக்கானிக் குனிந்து பார்த்துவிட்டு எழுந்தார். "பெல் ஹவுசிங் பூரா ஆயில். பேக் சீல் போச்சு முதலாளி. என்ஜின இறக்கணும். இறக்கினா போரிங் வேலையும் சேத்துப் பாத்துடலாம்." ஒரு தொகையும் சொன்னார். அது எங்கள் அப்பா பல மாதம் தறியில் உட்கார்ந்தால் வருகிற கூலி. அவர் ஏமாற்றினார் என்று நான் சொல்லமாட்டேன். கியர்பாக்ஸ் சேரும் இடத்தில் எண்ணெய் சொட்டினால் அனுபவசாலி யாருக்கும் முதலில் அதுதான் தோன்றும்.

"ஞாயித்துக்கெழமதான் ஆயில் மாத்தினோம், அதுக்குள்ள எப்படிப்பா?" என்று முதலாளி கேட்டார்.

"வண்டி வயசாச்சுங்க. எப்ப வேணா போவும்."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் வண்டியைப் பார்த்தேன். எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. வண்டி வயசானது வயசானதுதான், ஆனால் ஞாயிற்றுக்கிழமை அதைக் கடைசியாகத் தொட்ட கை என்னுடையது. வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அப்பா தறியில் இருந்தார். நின்றபடியே விஷயத்தைச் சொன்னேன். நான் மாற்றினதுதான் காரணமாக இருக்குமோ என்ற பகுதியை மட்டும் மென்று விழுங்கினேன். அவர் நாடாவை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "எண்ணெய் எங்க சொட்டுது?" என்றார்.

"பின்னால."

"சொட்டுற எடத்தையா பாப்பாங்க? துணியில ஒரு இழை விட்டுக் கோடு தெரியுதுன்னா, துணியத் தடவினா குத்தம் தெரியுமா? அச்சுக்குப் பின்னால போய், விழுதுல பாத்து, அங்கயும் இல்லன்னா பாவுல பாக்கணும். இழையப் புடிச்சிக்கினே பின்னாடி போவணும்."

நான் வரைந்த படம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். அந்தப் படத்தில் இரண்டு வகை எண்ணெய் இருக்கிறது. பம்ப்பிலிருந்து பேரிங் வரை போவது அழுத்தத்தில் போகிற எண்ணெய். அந்த என்ஜினில் ஓட்டத்தில் ஐம்பது பவுண்டு வரை அழுத்தம் நிற்கும். பேரிங்கை விட்டு வெளியே வந்தபின் அது சும்மா சம்ப்பில் விழுகிற எண்ணெய், அழுத்தம் கிடையாது. சும்மா விழுகிற பக்கத்தில் கசிந்தால் மெதுவாகத்தான் கசியும். பழைய பி சீரிஸ் என்ஜினில் பின்பக்கம் ரப்பர் சீலே கிடையாது. கிராங்க் ஷாப்ட்டிலேயே மரை மாதிரி ஒரு பள்ளம் வெட்டியிருப்பார்கள், அது சுற்றும்போது எண்ணெயை உள்ளே திருப்பித் தள்ளும். தேய்ந்தால் நிறுத்திய இடத்தில் வட்டமாகக் கறை வைக்கும். நேற்று வரை ஒழுங்காக இருந்துவிட்டு இன்றைக்கு ரோட்டில் கோடு போடாது. கோடு போட்டால் அது அழுத்தப் பக்கம். ஃபில்டரும் அழுத்தப் பக்கம்.

அதுவும் தை மாத விடிகாலையில் ஆயில் கெட்டியாக இருக்கும். ஸ்டார்ட் செய்த கொஞ்ச நேரத்துக்குத்தான் அழுத்தம் மிக அதிகம். ஞாயிறு மதியம் வெயிலில் சும்மா ஐடிலில் ஓட்டிப் பார்த்து "ஒரு சொட்டு இல்லை" என்றவன் நான்!

தங்கையின் முகப் பவுடர் டப்பா, ஒரு பாட்டில் மண்ணெண்ணெய், தறியில் கழிந்த நூல் ஒரு உருண்டை எடுத்துக்கொண்டேன். "எங்கடா என் பவுடர்?" என்று அவள் கத்தியதற்குப் பதில் சொல்லவில்லை.

முதலாளி வீட்டில், "ஒரு மணி நேரம் பாத்துட்டுச் சொல்றேங்க" என்று மட்டும் கேட்டேன். டிரைவர் மாமா டார்ச் பிடித்தார். முதலில் என்ஜின் பக்கத்தையும் அடியையும் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தோம். இந்த வேலைக்கே முக்கால் மணி. எல்லாம் நனைந்து கிடக்கும்போது எது ஊற்று, எது ஓடை என்று எப்படித் தெரியும்? ஓடுகிற வண்டியில் காற்று எண்ணெயைப் பின்னால்தான் தள்ளும். முன்னால் கசிந்தது பெல் ஹவுசிங்கில் வந்து சொட்டும். அதனால் ஈரம் தெரிகிறதிலேயே மேலான இடத்தையும் முன்னாலான இடத்தையும் பிடிக்க வேண்டும். துடைத்துக் காய்ந்ததும் ஃபில்டர் தலை, சம்ப் விளிம்பு, பின்பக்கம் எல்லாம் பவுடரைத் தூவினேன். ஆயில் எவ்வளவு குறைந்தது என்று டிப் ஸ்டிக் பார்த்தோம், கீழ்க்கோட்டுக்கும் கீழே. ஒன்றரை லிட்டர் ஊற்றினோம்.

"மாமா, ஸ்டார்ட் பண்ணுங்க. கொஞ்சம் ஆக்சிலேட்டர் குடுங்க."

பத்து விநாடி ஒன்றுமில்லை. பின்பக்கம் பவுடர் வெள்ளையாகவே இருந்தது. ஆக்சிலேட்டர் ஏற ஏற, ஃபில்டர் கிண்ணத்தின் வாய் ஓரத்தில், ஒரே பக்கத்தில், வெள்ளைப் பவுடர் மேல் கறுப்பு இழை ஒன்று இறங்கியது. அப்புறம் அது இழையாக இல்லை, பீய்ச்சியது.

"ஆஃப் பண்ணுங்க! ஆஃப்!"

கிண்ணத்தை இறக்கினேன். என் புது வளையம் ஒரு பக்கம் பிதுங்கி வெளியே வந்திருந்தது. ஏன் என்று மேலே பள்ளத்தைப் பார்த்தேன். வெறும் இரும்பு மாதிரிதான் தெரிந்தது. பாவு இழையை அச்சில் இழுக்கிற சின்னக் கொக்கி ஒன்று சட்டைப் பையில் இருந்தது, அதன் முனையால் மெதுவாகக் கீறினேன். இரும்பு வளைந்து கொடுத்தது. பழைய வளையம்! சூட்டில் கெட்டியாகி, சப்பையாகி, இரும்போடு இரும்பாக ஒட்டிக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை அதை எடுக்காமல் அதன் மேலேயே புதியதை வைத்து முறுக்கியிருக்கிறேன். பழைய வளையத்தைத் தேடி எடுக்க வேண்டும் என்று எந்தக் கேள்விக்கும் நான் பதில் எழுதியதில்லை.

நண்பர்களே, அந்த நேரத்தில் எனக்கு ஒரு எண்ணம் வந்தது, மறைக்கவில்லை. டிரைவர் மாமா அந்தப் பக்கம் இருந்தார். வளையத்தைப் பையில் போட்டுக்கொண்டு, "ஃபில்டர் லூசாயிருந்தது, சரி பண்ணிட்டேன்" என்றால் நான்தான் ஹீரோ. என்ஜினை இறக்காமல் காப்பாற்றியவன். உண்மையைச் சொன்னால் அந்த நோட்டில் அப்பா பெயருக்கு நேரே என்ன ஏறுமோ. வளையம் பையில்தான் இருந்தது, அதோடு வீட்டுக்கே வந்துவிட்டேன்.

அப்பாவிடம் காட்டினேன். கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். "போய்ச் சொல்லிடு" என்றார். "நோட்டுல ஏத்துவாருப்பா." "ஏத்தட்டும்." மறுபடி நாடா ஓட ஆரம்பித்துவிட்டது.

மறுநாள் காலை புது வளையம் ஒன்று வாங்கிக்கொண்டு போனேன். முதலாளியிடம் பழையதைக் காட்டி நடந்ததைச் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "மொதல்ல வண்டிய சரி பண்ணு" என்றார். பள்ளத்தைத் துணியால் துடைத்து, விரலை விட்டுச் சுற்றிலும் தடவிப் பார்த்து, புது வளையத்துக்கு ஆயில் தடவி உட்கார வைத்தேன். போல்ட்டை முறுக்கும்போதே கிண்ணத்தைக் கையால் லேசாகத் திருப்பிக்கொண்டே போனால் அது சரியாக உட்காருவது கைக்குத் தெரியும். ஸ்டார்ட் செய்து, இந்த முறை ஆக்சிலேட்டரோடு, ஐந்து நிமிடம் டார்ச் அடித்துப் பார்த்தேன். பிறகு டிரைவர் மாமா செய்யாறு ரோட்டில் ஒரு நடை போய் வந்தார். மறுபடி துடைத்து மறுபடி பார்த்தோம். காய்ந்திருந்தது. பேரிங்கில் சத்தமும் இல்லை.

முதலாளி நோட்டை எடுத்தார். அப்பா பெயரில் ஒன்றரை லிட்டர் ஆயில் விலையை எழுதினார். வண்டி இழுத்து வந்த கூலியை எழுதவில்லை. "அடுத்த தடவையும் நீதான் மாத்தணும்" என்றார். கோபமா கிண்டலா, இன்றுவரை தெரியவில்லை. ஆனால் மாற்றினேன், போன மாதம்.

வீட்டம்மாதான் என்னை விடவில்லை. வாசலில் கோலம் போடுகிற இடத்தில் ஆயில் கொட்டியிருந்தது. மரத்தூள் போட்டு, சாம்பல் போட்டு, சோப்புத்தூள் போட்டு இரண்டு ஞாயிற்றுக்கிழமை தேய்த்தேன். பாதிதான் போனது. இப்போது அவர்கள் புள்ளிக் கோலத்தை அந்தக் கறையை விட்டு ஒரு முழம் தள்ளிப் போடுகிறார்கள்.