எட்டாத எட்டு!

எங்கள் வீட்டில் யாருக்கு என்ன அளவு என்று என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பிள்ளையின் சட்டைக் கழுத்து, பெண்ணின் வளையல், பேத்தியின் பாவாடை உயரம், எல்லாம் எனக்கு மனப்பாடம். அந்தக் கர்வத்தை ஒரு ஜோடி பூட்ஸ் வந்து போக்கிவிட்டது. கதையைக் கேளுங்கள்.

போன தை மாதம் என் பிள்ளைக்குக் கல்யாணம். வரவேற்பன்று அப்பா சூட்டும் பூட்ஸுமாக நிற்க வேண்டும் என்று அமெரிக்காவில் இருக்கும் என் பெண்ணுக்கு ஆசை. "அம்மா, அப்பாவுக்குக் கால் என்ன சைஸ்?" என்று போனில் கேட்டாள்.

"எட்டு!" என்றேன். யோசிக்கக்கூட இல்லை. 35 வருஷமாக நான்தானே இவருக்குச் செருப்பு வாங்கி வருகிறேன்!

கார்த்திகையில் பார்சல் வந்தது. கறுப்புத் தோல், கண்ணாடி மாதிரி பளபளப்பு. இவர் மாட்டிக்கொண்டு நின்றார். "எப்படி இருக்கிறது?" என்றேன். "கொஞ்சம் சிக்கென்று இருக்கிறது. போட்டால் பழகிவிடும்" என்றார். செல்போனில் பார்த்த பெண்ணுக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. பழக வேண்டுமே என்று கூடத்தில் ஒரு மணி நேரம் நடந்தார்.

மறுநாள் காலை படுக்கை விரிப்பில் ரத்தக் கறை. பதறிப் போய்ப் பார்த்தால், சுண்டு விரலில் கொப்புளம் உடைந்திருந்தது.

"இவ்வளவு கடித்திருக்கிறதே, சொல்லக் கூடாதா? பெண் வாங்கிக் கொடுத்தது என்று பொறுத்துக் கொண்டீர்களா?" என்று கோபித்தேன்.

"வலிக்கவே இல்லையே!" என்றார் இவர்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவருக்கு 12 வருஷமாகச் சர்க்கரை வியாதி. டாக்டர் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சர்க்கரையினால் பாதத்தில் உணர்ச்சி மங்கிப் போவதுண்டு. வலிதான் அம்மா காலுக்குக் காவல்காரன். அவன் தூங்கிவிட்டால் சின்னக் கொப்புளமும் பெரிய புண்ணாகிவிடும்." புண் ஆற மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரமும் நான் தூங்கவில்லை.

தப்பு யாருடையது? என்னுடையதுதான். 8 என்று சொன்னேனே தவிர, எந்த ஊர் 8 என்று சொல்லவில்லை. நாம் பெரும்பாலும் பின்பற்றுவது இங்கிலாந்துக் கணக்கு. அமெரிக்க எண் ஆண்களுக்கு அதைவிடச் சுமார் 1 கூடுதல். பெண்களுக்குச் சுமார் 2 கூடுதல். அங்கத்திய 8 இவருக்கு 7 ஆகிவிட்டது! ஓர் எண் குறைந்தால் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். ஐரோப்பாவின் கணக்கு வேறு. அங்கே 42 என்றால் ஏறக்குறைய நம் 8.

நீளம் மட்டும் போதாது, சகோதரிகளே! அகலத்துக்கும் எழுத்து உண்டு. அமெரிக்காவில் ஆண்களுக்கு 'டி' என்பது சாதாரண அகலம். 'இஇ' என்றால் அகலம் அதிகம். இங்கிலாந்தில் அதுவே 'எஃப்', 'ஜி' என்று மாறும். திறந்த செருப்பில் விரல்கள் பிதுங்கி எப்படியோ சமாளித்துக் கொள்ளும். மூடிய பூட்ஸுக்குள் அவை எங்கே போகும்?

நம்மவர் பாதமே கொஞ்சம் அகலந்தானாம். சென்னை அடையாற்றில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தார், 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடெங்கும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் பாதங்களை அளந்து கண்டது இது. இந்தியக் காலுக்கென்றே தனி அளவு முறை வேண்டும் என்பது அவர்கள் யோசனை.

ஆகவே, வெளிநாட்டிலிருந்து பூட்ஸ் தருவிப்பதானால் எண்ணைச் சொல்லாதீர்கள். காலை அளந்து சொல்லுங்கள். சாயங்காலம் அளப்பது நல்லது. பகல் முழுவதும் நடந்த கால் சற்று வீங்கியிருக்கும். அன்று போடப் போகும் காலுறையோடு, குதிகால் சுவரில் படும்படி காகிதத்தின் மேல் நிற்கச் சொல்லுங்கள். பென்சிலை நேராகப் பிடித்துச் சுற்றி வரையுங்கள். நீண்ட விரல் எதுவோ அதுவரை நீளம். முன்பாதத்தின் அகன்ற இடத்தில் அகலம். இரண்டு காலையும் அளந்து, பெரியதையே கணக்கில் கொள்ளுங்கள். மில்லிமீட்டரில் எழுதி அனுப்பினால் எந்த ஊர்க்காரருக்கும் புரியும். பிறகு அந்தக் கம்பெனியின் அட்டவணையோடு ஒத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்படி அளந்து எழுதியதில், பெண் மறுபடி வாங்கியது 9, 'இஇ'. வரவேற்பன்று இவர் மூன்று மணி நேரம் சிரித்த முகத்தோடு நின்றார். நானோ, வந்தவர்கள் முகத்தைப் பார்த்ததைவிட இவர் காலைப் பார்த்ததே அதிகம்! இரவு வீடு திரும்பியதும் அந்தக் காலை மடியில் வைத்து, விளக்கைக் கிட்டத்தில் பிடித்து, ஒவ்வொரு விரலாகப் பார்த்தேன். ஒரு சிவப்புக்கூட இல்லை.

அன்று முதல் தினமும் பார்க்கிறேன். உங்கள் வீட்டிலும் சர்க்கரைக்காரர் இருந்து, புதுப் பூட்ஸைப் போட்டுக்கொண்டு "சரியாக இருக்கிறது" என்று சொன்னால், அந்த வார்த்தையை நம்பாதீர்கள். கழற்றச் சொல்லிக் காலைப் பாருங்கள்.