எம்-சீலும் ரெண்டு ஞாயிறும்

போபாலுக்கு மாற்றலாகி வந்ததிலிருந்து பையன் என்கிட்ட சரியாப் பேசறதில்லை. பிளஸ் ஒன்ல ஊர் மாத்தின கோபம். ரிமோட் டிரக் பாறையில சிக்கின அன்னிக்குத்தான் "அப்பா, கொஞ்சம் வாப்பா"ன்னான்.

ஒரு சக்கரம் அந்தரத்துல கிறுகிறுன்னு சுத்துது. தரையில இருக்கிறது அசையலை. ஓபன் டிஃபரென்ஷியல் லட்சணமே அதுதான், எந்தப் பக்கம் சுலபமோ அந்தப் பக்கம்தான் சுத்தும். (வங்கிக் கடனும் கிட்டத்தட்ட இப்படித்தான், விடுங்க.)

அவனுக்கு டிராக்ஸாஸ் டிஆர்எக்ஸ்-4 வேணுமாம். முன்னாடி, பின்னாடி ரெண்டையும் ரிமோட்லயே பூட்டித் திறக்கலாம். விலையைப் பார்த்ததும் என் பி.காம். புத்தி முழிச்சுக்கிச்சு. கியருக்குள்ள எம்-சீல் அடைச்சு நிரந்தரமாப் பூட்டிடலாம்னேன்.

"வளைவுல வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓடணும்பா. முன்னாடியும் பூட்டினா லேசுல திரும்பாது."

சரின்னு பின்னாடி மட்டும். கிரீஸைச் சுத்தமாத் துடைக்காம அடைச்சதுல முதல் ஞாயிறு பெயர்ந்து வந்துடுச்சு. தப்பு என்னோடதுதான், அவன் சிரிச்சான். சிரிச்சுப் பார்த்து எத்தனை மாசம்!

ரெண்டாவது ஞாயிறு பாறை ஏறிடுச்சு. திரும்பத்தான் கொஞ்சம் கூடுதல் இடம் கேட்குது. முன்னாடியும் பூட்டிப் பார்க்கலாமான்னு இப்ப எங்களுக்குள்ள சண்டை.